குனிந்து பார்த்து வாங்க வேண்டிய தொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தில் வந்த கோடைப் பராமரிப்புக் கட்டுரை செடிகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. நிழல்வலை எந்த அளவு, மூடாக்கு எவ்வளவு கனம், தண்ணீர் எந்த நேரம் என்று ஒன்றையும் விடவில்லை. செடி வளர்ப்பவருக்கு மட்டும் ‘தலையில் தொப்பி அணிந்துகொள்ளுங்கள்’ என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது. எந்தத் தொப்பி என்று சொல்லாததால், கைக்குக் கிடைத்ததைப் பலரும் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். தொப்பி போட்டும் பிடரி எரிகிறது, நெற்றி வலிக்கிறது என்று இரண்டாம் வாரமே அது ஆணிக்குப் போய்விடுகிறது. அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்து எழுத இடம் தர வேண்டுகிறேன்.

தோட்டத் தொப்பி வாங்குவதில் நடக்கும் பெரிய தவறு, அதை நிமிர்ந்து நின்று தேர்ந்தெடுப்பதுதான். கண்ணாடி முன்னால் நேராக நிற்கும்போது அகன்ற விளிம்புள்ள எந்தத் தொப்பியும் முகம், காது, பிடரி எல்லாவற்றுக்கும் நிழல் தரும். களை பிடுங்கும்போதோ நாற்று நடும்போதோ யாரும் அப்படி நிற்பதில்லை. இடுப்பை வளைத்துத் தலையைத் தொங்கவிட்டால் தொப்பியும் தலையோடு சேர்ந்து சாய்கிறது. தரைக்கு இணையாக இருந்த விளிம்பு செங்குத்தாகிவிடுகிறது. பின்விளிம்பு வானத்தைப் பார்த்து நிற்கிறது. உச்சி வெயில் நேராகப் பிடரியிலும் காதுமடலின் பின்புறத்திலும் இறங்குகிறது. விளிம்பு 10 செ.மீ. இருந்தாலும் 15 செ.மீ. இருந்தாலும் இதே கதைதான். முகம் மண்ணைப் பார்த்திருப்பதால் அதற்கு ஆபத்து குறைவு. அதாவது, நாம் காசு கொடுத்து வாங்கிய நிழல் தேவையில்லாத இடத்தில் இருக்கிறது, தேவையான இடம் வெயிலில் கிடக்கிறது.

ஆகவே தொப்பியைப் பார்ப்பதற்கு முன் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து தொட்டிச் செடிகளைக் கவனிப்பவருக்கு முதுகு ஏறக்குறைய நேராக இருக்கும். தலை மட்டும் சற்றுத் தாழும். அவருக்கு நல்ல அகலமுள்ள, கீழ்நோக்கிச் சரிந்த விளிம்பு போதும். மண்டியிட்டோ முழுவதும் குனிந்தோ பாத்தியில் வேலை செய்பவருக்கு விளிம்பு மட்டும் போதவே போதாது. பின்னால் துணி தொங்கும் தொப்பிதான் அவருக்கு வேண்டும். துணிக்கு விறைப்பு கிடையாது என்பதே இங்கே அதன் பலம். தலை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது பிடரியோடு ஒட்டிக் கிடக்கும். கொடி கட்டுவது, மரத்தில் கவாத்து செய்வது போல அண்ணாந்து பார்க்கிற வேலைக்கு நேர்மாறான பிரச்சினை. விறைப்பான பின்விளிம்பு சட்டைக் காலரில் இடித்து, தொப்பியை முன்னால் தள்ளிக் கண்ணை மறைக்கும். ஏணியில் நிற்கும்போது இது வெறும் தொந்தரவு இல்லை, விபத்து. அந்த வேலைக்கு முன்னால் அகலமும் பின்னால் வளைந்துகொடுக்கும் மென்மையும் உள்ள விளிம்பு நல்லது.

இருக்கிற தொப்பியிலேயே பிடரித் துணி சேர்த்துக்கொள்ளலாம். அரைமணி நேரத் தையல் வேலைதான். நெருக்கமாக நெய்த பாப்ளின் போன்ற பருத்தித் துணியில் 50 செ.மீ. அகலம், 32 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். இரு பக்க ஓரங்களையும் மேல் ஓரத்தையும் ஒரு செ.மீ. வீதம் இரண்டு முறை மடித்துத் தையுங்கள். கீழ் ஓரத்தை மட்டும் 2 செ.மீ. வீதம் இரண்டு முறை மடிக்க வேண்டும். அந்தக் கனம்தான் காற்றில் துணி எழும்பாமல் பிடித்துவைக்கும். இப்போது கையில் இருப்பது 46 செ.மீ. அகலம், 26 செ.மீ. நீளம். மேல் ஓரத்தின் நடுப்பகுதியில் 2 செ.மீ. உள்வாங்கும் கொசுவங்கள் நான்கு வைத்தால் மேல் அகலம் 38 செ.மீ. ஆகும். 58 செ.மீ. சுற்றளவுள்ள தலைக்கு அது ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டு வரை வரும். இரண்டு காதும் உள்ளே அடங்கும். 9.5 செ.மீ. இடைவெளியில் ஐந்து பிரஸ் பட்டன்கள் தைத்து, அவற்றின் மறுபாதியைத் தொப்பி விளிம்பின் அடிப்பக்கத்தில், உச்சிப்பகுதியோடு சேரும் தையலை ஒட்டித் தையுங்கள். உள்பட்டையில் தைக்கக் கூடாது. பட்டன் மண்டையில் அழுந்தும்.

நீளம் ஏன் 26 செ.மீ. என்று கேட்கலாம். நிமிர்ந்து நிற்கையில் தொப்பியின் பின் ஓரத்திலிருந்து சட்டைக் காலர் வரை உள்ள தூரம் குறைவுதான். தலையைக் குனிந்ததும் கழுத்தின் பின்புறம் பல செ.மீ. நீளுகிறது, காலரும் கீழே இறங்கிவிடுகிறது. கடையில் கிடைக்கும் பல தொப்பிகளின் பின்துணி நிற்கும்போது காலரைத் தொடும், குனிந்தால் இரண்டு விரல் அகலத்துக்குத் தோலைத் திறந்து காட்டும். சிவந்து தோல் உரிவது அந்தக் கீற்றில்தான். முழுக்கக் குனிந்த நிலையிலும் துணி காலருக்குக் கீழே 5 செ.மீ. இறங்கியிருக்க வேண்டும். உடல்வாகுக்கு ஏற்ப நீளத்தை மாற்றிக்கொள்ளுங்கள், அந்த 5 செ.மீ. கணக்கை விடாதீர்கள்.

விளிம்பின் அகலத்துக்கு வருகிறேன். தோல் புற்றுநோய்த் தடுப்பில் நீண்ட காலமாக உழைத்துவரும் ஆஸ்திரேலியப் புற்றுநோய் கவுன்சில், பெரியவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பி என்றால் குறைந்தது 7.5 செ.மீ. என்கிறது. வாளி வடிவத் தொப்பிக்கு 6 செ.மீ. போதும், அதன் விளிம்பு கீழே சரிந்திருப்பதால் குறைந்த அகலத்திலேயே அதிகம் மறைக்கிறது. முன்பக்கம் மட்டும் நீண்டிருக்கும் கிரிக்கெட் தொப்பியை அவர்கள் பரிந்துரைப்பதில்லை. காது, கன்னம், கழுத்து மூன்றையும் அது கைவிடுகிறது. தோட்ட வேலைக்கு அது ஆகவே ஆகாது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கணக்கு எளிது. சூரியன் 45 பாகை உயரத்தில், முகத்துக்கு நேராக இருக்கும்போது, தட்டையான விளிம்பின் ஒவ்வொரு செ.மீ. அகலமும் முகத்தில் ஒரு செ.மீ. ஆழ நிழல் தரும். 60 பாகைக்கு ஏறினால் 1.7 செ.மீ.; 30 பாகைக்கு இறங்கினால் 0.6 செ.மீ.க்கும் குறைவு. மூக்கு முன்னால் நீண்டிருப்பதால் அந்த நீளத்தை விளிம்பிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 7.5 செ.மீ. விளிம்பு போட்டும் மூக்கு நுனியும் கீழ் உதடும் கறுப்பது இதனால்தான். 9, 10 செ.மீ. இருந்தால் பெரும்பாலும் அவை நிழலுக்குள் வந்துவிடும். 12 செ.மீ.க்கு மேல் போனால் காற்று பிடிக்கிறது, கிளையில் மாட்டுகிறது, பக்கத்துச் செடியைத் தட்டுகிறது. விளிம்பு தளர்ந்து கண்முன் தொங்கினால் கத்தரிக்கோல் எங்கே வெட்டுகிறது என்றே தெரியாது. சொந்த நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேலே இருக்கிறது, புற ஊதாக் கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். இதற்குக் கடிகாரமும் வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம்.

விளிம்பின் அடிப்பக்க நிறத்தை வாங்கும்போது யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. மேலே வெளிர் நிறம், கீழே அடர் பச்சையோ கருநீலமோ இருப்பது நல்லது. மேல்பக்கம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அடிப்பக்கம் தரையிலிருந்து எழும் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அடியும் வெள்ளையாக இருந்தால் தரை ஒளி அதில் பட்டுக் கண்ணுக்கே திரும்பிவரும். இரண்டு மணி நேரத்தில் கண் களைத்துவிடும். புல், மண், நீர் ஆகியவை புற ஊதாக் கதிரில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே பிரதிபலிக்கின்றன, உலர்ந்த கடற்கரை மணல் 15 சதவீதம் வரை பிரதிபலிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாத்தி ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பியிருப்பவர்களும் வெளிர்நிறத் தளத்தில் தொட்டி அடுக்கியிருப்பவர்களும் கண் கூசுவதைக் கூடுதலாக உணர்வார்கள். மேகமூட்டமான நாளில் தொப்பி வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. மெல்லிய மேகத்தை 90 சதவீதத்துக்கும் மேலான புற ஊதாக் கதிர் கடந்துவரும். வெயில் சுடவில்லை என்பதால் கதிர் இல்லை என்றாகாது.

இனி, எதில் செய்த தொப்பி என்பது. துணித் தொப்பிகளில் யு.பி.எஃப். 50 என்று சீட்டு இருக்கும். விழுகிற புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டுமே துணியைக் கடக்கிறது என்பது அதன் பொருள். 15 என்றால் ஏறக்குறைய 7 சதவீதம் கடக்கும். அந்த எண் துணிக்குரியது, தொப்பியின் வடிவத்துக்குரியது அல்ல. யு.பி.எஃப். 50 துணியில் செய்த கிரிக்கெட் தொப்பியும் பிடரிக்கு ஒன்றும் செய்யாது. சீட்டு இல்லாத தொப்பி என்றால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துணிக்குப் பின்னால் கையை வைத்துப் பாருங்கள். விரல்களின் உருவம் தெளிவாகத் தெரிந்தால் நெசவு போதாது. மெல்லிய வெள்ளைப் பருத்தி குளுமையாகத் தோன்றும். நனைந்துவிட்டால் இன்னும் அதிகமாகக் கதிரை உள்ளே விடும். இறுக்கி இழுத்த துணிக்கும் இதே குறை உண்டு. தலையைக் குளிர்விக்கத் தொப்பியை நனைப்பவர்கள் கனமான, நெருக்கமான துணியை நனைக்கலாம், மல் போன்ற துணியை அல்ல. அதுவும் காற்று உலர்ந்திருந்தால்தான் பலன் தரும். புழுக்கமான நாளில் ஈரம் ஆவியாகாமல் தலையில் வெந்நீர் ஒத்தடம் போல உட்கார்ந்துவிடும்.

ஓலை, கோரை, வைக்கோல் தொப்பிகளுக்குக் காற்றோட்டத்தில் நிகரில்லை. விறைப்பாக நின்று, தலைக்கும் தொப்பிக்கும் இடையே காற்றுக்கு வழிவிடும். முடைசல் நெருக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெயிலில் அணிந்து தோளில் விழும் நிழலைப் பாருங்கள். நிழலுக்குள் ஊசிமுனை போல ஒளிப்புள்ளிகள் தெறித்தால், அதே புள்ளிகள் முகத்திலும் விழுகின்றன. வைக்கோல் என்ற பெயரில் முறுக்கிய காகித இழையிலும் தொப்பிகள் வருகின்றன. பார்க்க அழகாக இருக்கும். வியர்வையிலும் தூறலிலும் ஊறி, உள்பட்டையை ஒட்டிய பகுதி முதலில் தளர்ந்து, விளிம்பு அலையலையாக நெளியும். மேல்பூச்சு இல்லாத உள் ஓரத்தை ஈர விரலால் கொஞ்ச நேரம் தேய்த்தால் காகித இழை மெத்தென்று ஆகிப் பிரியும். நல்ல ஓலை அப்படிப் பிரியாது. நைலான், பாலியஸ்டர் தொப்பிகள் எடை குறைவு, சீக்கிரம் காயும், சுருட்டிப் பையில் வைக்கலாம். மண்டைக்குப் பக்கவாட்டில் வலைத்துணி வைத்திருந்தால் காற்று வரும். வலை உச்சியில் இருந்தால், முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கும் வகிடு அகன்றவர்களுக்கும் அந்த இடம் எரியும்.

தொப்பி கழற்றி வைக்கப்படுவதற்கு வெயிலைவிட அளவுதான் காரணம். இஞ்ச் டேப்பைப் புருவத்துக்கு ஒன்றரை செ.மீ. மேலே வைத்து, காதுக்குச் சற்று மேலாக, பின்மண்டையில் துருத்தியிருக்கும் இடத்தைச் சுற்றி அளவெடுங்கள். வந்த அளவோடு ஒரு செ.மீ. சேர்த்து வாங்க வேண்டும். வெப்பத்தில் நெற்றித்தோல் சற்று உப்பும், வியர்வையில் உள்பட்டையும் ஊறும். அணிந்தபின் நெற்றிக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். பத்து நிமிடம் தலையில் வைத்திருந்து கழற்றிப் பாருங்கள். நெற்றியில் சிவந்த கோடு விழுந்தால், ஒரு மணி நேரத்தில் அது தலைவலியாகும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர்கள் பெரியதை எடுத்து, உள்பட்டைக்குப் பின்னால் மெல்லிய நுரைப்பட்டை ஒட்டிக்கொள்ளலாம். உச்சிக்கும் தொப்பியின் கூரைக்கும் நடுவே 2, 3 செ.மீ. வெற்றிடம் இருக்க வேண்டும். மண்டையோடு ஒட்டினால் எந்தத் துணியும் சூடுதான். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடே அளவு பார்க்க வேண்டும். தாழ்வாகக் கொண்டை போடுபவர்களுக்குக் கொண்டை பின்விளிம்பை மேலே தள்ளும். கொண்டையைக் கொஞ்சம் மேலேற்றிக்கொண்டு அதற்கு இடம் தரும் உயரமான தொப்பியை எடுப்பது நல்லது. காது கேட்கும் கருவி பொருத்தியவர்கள், காதை மூடும் துணியால் கருவி ‘கீ’ என்று விசிலடிக்கிறதா என்று வாங்குமுன் சோதித்துக்கொள்ள வேண்டும்.

உள்பட்டை பருத்தியாகவோ துவாலைத் துணியாகவோ இருந்தால் வியர்வையை வாங்கிக்கொள்ளும். பார்க்கத் தோல் போலவே இருக்கும் செயற்கைப் பட்டை வியர்வையை வாங்காது. அது வழிந்து நேராகக் கண்ணுக்குள் போகும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இவ்வளவுதான்: தொப்பியை அணிந்து, மோவாய் நெஞ்சைத் தொடும்படி குனிந்து, இடவலமாக நாலு முறை தலையை ஆட்டுங்கள். பிறகு அண்ணாந்து பாருங்கள். குந்தி உட்கார்ந்து எழுந்திருங்கள். இதில் எதிலாவது கை தானாகத் தொப்பியைப் பிடிக்கப் போனால் அது உங்கள் தொப்பி அல்ல. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தாடைக்கயிறு காற்றுள்ள இடத்தில் அவசியம். காதுக்கு முன்னால் ஒரு புள்ளியில் மட்டும் தொங்கும் கயிற்றைவிட, காதின் முன்னும் பின்னும் பிரிந்து கீழே சேரும் கயிறு தொப்பியை அசையாமல் பிடிக்கும். இழுத்தால் தானே பிரியும் கொக்கி இருப்பதை மட்டும் வாங்குங்கள். புல்வெட்டும் இயந்திரம், கிளை அரைக்கும் இயந்திரம் இவற்றின் பக்கத்தில் கயிறோ தொங்கும் துணியோ கூடாது. கழற்றிவிட்டு அந்த வேலைக்கான தலைக்கவசத்தைப் போட வேண்டும். குழந்தைகள் தொப்பியில் கயிறே வேண்டாம். கிளையில் மாட்டினால் கழுத்தை இறுக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்து தெளிக்கும்போது அணியும் தொப்பி வேறு, அன்றாடத் தொப்பி வேறு. துணியும் ஓலையும் உள்பட்டையும் பூச்சிமருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மறுநாள் வியர்வையில் அது கரைந்து நெற்றிக்கு வரும். முன்கைத் தோலைவிட நெற்றித் தோலும் உச்சந்தலையும் மருந்தைப் பல மடங்கு எளிதாக உள்வாங்குபவை. தெளிப்புக்கு, நீர் ஊறாத, உள்பட்டை இல்லாத, சோப்பு போட்டுக் கழுவக்கூடிய பிளாஸ்டிக் தொப்பியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை, அத்தி போன்றவற்றை வெட்டிய கையால் தொப்பியைச் சரிசெய்வதும் ஆபத்து. அவற்றின் சாறும் பாலும் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் மறையாத கருந்தடமும் வரும். நெற்றியில் காரணம் தெரியாமல் பட்டை பட்டையாகக் கறுத்திருப்பவர்கள் இதையும் யோசித்துப் பார்க்கலாம்.

பராமரிப்பு பெரிய விஷயம் இல்லை. உள்பட்டையில் வெள்ளைக் கோடாகப் படிவது உப்பு. அது துணியைச் சுரசுரப்பாக்கி நெற்றியைத் தேய்க்கும், ஆகவே வாரம் ஒருமுறை அலச வேண்டும். துணித் தொப்பியை வாஷிங் மெஷினில் போட்டால் விளிம்புக்குள் இருக்கும் அட்டையோ பிளாஸ்டிக்கோ உடையும். கையால் துவைத்து, தலை அளவுள்ள கிண்ணத்தின் மேல் கவிழ்த்து நிழலில் காயவையுங்கள். ஓலைத் தொப்பியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். எடுக்கும்போது உச்சியைக் கிள்ளிப் பிடிக்காமல் விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். காய்ந்த ஓலை முதலில் விரிவது அந்தக் கிள்ளும் மடிப்பில்தான். வைக்கும்போது தலைகீழாக, உச்சி கீழே இருக்கும்படி வையுங்கள். விளிம்பின் மேல் உட்காரவைத்த தொப்பி நாளடைவில் தட்டையாகிவிடும். ஆணியில் மாட்டினால் உச்சி கூம்பிப்போகும்.

தொப்பி எவ்வளவு நல்லதானாலும் வெப்ப மயக்கத்தைத் தடுக்காது. தண்ணீரும் இடைவேளை ஓய்வும் தனி. மூக்கு, உதடு, காதுமடல், கழுத்து ஆகியவற்றுக்கு எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு அளவு) 30-க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற சில மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் எரியும்படி ஆக்குபவை. அவற்றைச் சாப்பிடுபவர்கள் தோட்ட வேலை பற்றி மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டப் பக்கத்தில் அடுத்த முறை வெயில் பற்றி எழுதும்போது, மேலே சொன்ன பிடரித் துணியின் வெட்டளவைக் கொசுவமும் பட்டன் இடமும் குறித்த சிறு படமாக அச்சிட்டால், வாசகர்கள் கத்தரித்துத் தையல் பெட்டியில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் இடம் குறைவாக இருந்தால், நிமிர்ந்த தலையையும் குனிந்த தலையையும் காட்டும் இரண்டு கோட்டுப் படங்கள் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தோட்டக்கலைப் பணியில் உள்ள வாசகர்